மோட்டார் ரூமில் லோகாக்காவின் கை

லோகாக்காவின் வலது கை எங்கள் பிளாக்கின் மோட்டார் ரூமில் இருந்தது. தோளிலிருந்து தொங்குவது கைதான், சந்தேகமில்லை. ஆனால் அதை ஆட்டி வைக்கிற மூளை கீழே, பழைய தண்ணீர் மோட்டார் இருந்த இடத்தில், ஆள் உயரக் கறுப்பு அலமாரிக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கவாதம் வந்தபோது அக்காவின் மூளையில் அந்தக் கைக்கு உரிய துண்டு செத்துப்போனது. ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு நகல் செய்து கொடுத்தார்கள். நகல் பெரியது, தலைக்குள் வைக்க இடமில்லை. கம்ப்யூட்டரில்தான் ஓடும். காதுக்குப் பின்னால் ஸ்டிக்கர் பொட்டு அளவில் ஒரு கருவி, இரண்டுக்கும் நடுவே செய்தி கொண்டுபோகும். கம்ப்யூட்டர் தூரத்தில் இருந்தால் செய்தி போய்த் திரும்புவதற்குள் கையில் இருக்கிற டீ கொட்டிவிடும். அதனால்தான் மோட்டார் ரூம்.

அந்த அலமாரியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எந்த வீடு எவ்வளவு கேட்கிறது, எவ்வளவு கிடைக்கிறது, கிடைக்கும் வரை எவ்வளவு காத்திருக்கிறது என்று திரையில் கோடுகள் ஓடும். வீட்டுக்கு ஒரு கோடு. குடியிருப்பு வாரியம் எனக்கு வைத்த பெயர் சுமைக் கண்காணிப்பாளர். ராயபுரத்தில் எங்கள் பிளாக்கில் வைத்த பெயர் மெஷின் டில்லி. அம்மா வைத்த டில்லிராணியை அம்மாவே மறந்துவிட்டாள்.

கை வந்த புதிதில் லோகாக்கா அதைப் பார்க்க இறங்கி வந்தார். அலமாரியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"இதுல எங்க வீட்டு கம்ப்யூட்டர் எது டில்லி?"

"தனியா ஒண்ணும் இல்லக்கா. ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர்தான். அது ஒவ்வொரு வீட்டுக்கிட்டயும் போய், நான் உனக்கு மட்டும்தான், வேற யாருக்கும் இல்லன்னு சொல்லிக்கினு இருக்கு."

"நல்ல ஆம்பளையா இருக்கும் போல."

"எல்லாரும் ஒரே நேரத்துல முழுசா கேட்டா அதால தர முடியாது. ஆனா அப்படி யாரும் கேக்க மாட்டாங்கன்னு ஒரு தைரியம்."

"கேட்டா?"

"வரிசைல நிக்கணும். உங்க கையும் நிக்கும்."

அக்கா வலது கையைத் தூக்கிப் பார்த்தார். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. "வரிசைல நின்னு பழக்கப்பட்ட கைதான், வுடு," என்றார்.

ஆனால் கை நிற்கக் கூடாத இடங்களில் எல்லாம் நின்றது. சர்க்கரை டப்பாவைப் பிடித்தபடி நின்றது. பஸ்ஸில் கம்பியை விட்டுவிட்டு அடுத்த கம்பிக்குப் போகும் வழியில் நின்றது. ஒருநாள் சாயங்காலம் கொதிக்கிற பாலோடு நின்றது. பால் காலில் கொட்டியதால், மாதச் சோதனைக்கு வந்த டாக்டர் நஸ்ரின் கட்டுப் போட்ட பாதத்தைத்தான் முதலில் பார்த்தார். சின்ன வயசு டாக்டர், மிருதுவாகத்தான் பேசினார். பேசியது மிருதுவாக இல்லை.

"கை வேகமா இருக்கணும்னு நான் கேக்கலம்மா. மெதுவா இருந்தாக்கூட பரவால்ல, நிலையா இருக்கணும். ஒரு நேரம் ஓடி ஒரு நேரம் நின்னா, அது இல்லாததைவிட ஆபத்து. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். அப்பவும் இப்படி இருந்தா நகலை நிறுத்தத்தான் வேணும்."

"நிறுத்திட்டா?"

"கை பழையபடி தொங்கும்."

லோகாக்காவின் கணவர் புஷ்பராஜ் மாமா, டாக்டருக்காக ஊற்றிய சோடாவைத் தானே குடித்துவிட்டார். அக்கா மட்டும் முகம் மாறாமல் கேட்டார். "அன்னிக்கு இன்னா செய்யச் சொல்லுவீங்க? ஊசில நூல் கோக்கணுமா?"

"உங்களுக்குப் பிடிச்ச எந்த வேலையும் செய்யலாம். நீங்க நினைக்கறதுக்கும் கை அசையறதுக்கும் நடுவுல எவ்வளவு நேரமாகுதுன்னு நான் கருவி வெச்சு அளக்கப் போறேன், அவ்வளவுதான்."

"அப்ப கேரம் ஆடறேன்."

கை விழுவதற்கு முன்பு லோகாக்காவோடு கேரம் ஆட பக்கத்துப் பேட்டைகளிலிருந்து ஆட்கள் வருவார்கள். தோற்றுவிட்டுப் போகும்போது அக்கா அவர்களுக்கு பஜ்ஜி கொடுத்து அனுப்புவார். அவரை ஒரே ஒருமுறை ஜெயித்தவர் அடுத்த பிளாக் ஏழுமலை. அந்த ஒருமுறையை அவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அவரையே கூப்பிட்டார் அக்கா. "அவன் வாயைக் கேட்டாத்தான் எனக்கு கை வரும்," என்றார்.

நான் மோட்டார் ரூமுக்கு ஓடினேன். திரை முழுக்கச் சிவப்பு. அலமாரி நிரம்பி வழிந்தது. அது புதுசில்லை, சில வாரங்களாகவே அப்படித்தான். யாரோ ஒருவர் வீட்டில் பெரிதாக எதையோ ஓட்டுகிறார்கள், பிடித்துவிடலாம் என்று ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் அந்த விசித்திரம் கண்ணில் பட்டது. ஒரு கோட்டிலும் மேடு பள்ளம் இல்லை. எல்லாம் ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேராக இருந்தன.

குடும்பம் நடக்கிற வீட்டின் கோடு அப்படி இருக்காது. சமையல் நேரத்தில் ஏறும். சீரியல் முடிந்தால் இறங்கும். புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தால் இரண்டு பேரும் தனித்தனியாகப் படம் பார்ப்பார்கள், இரட்டை மேடு விழும். மதியம் மொத்த பிளாக்கும் குறட்டை விடுகிற நேரம் அது. அப்போதும் நாற்பது வீடும் மூச்சுவிடாமல் உழைப்பதாகக் கோடு சொன்னது.

உள்ளே என்ன ஓடுகிறது என்று நான் திறந்து பார்க்கக் கூடாது. பாத்திரத்தின் கனம் எனக்குத் தெரியலாம், உள்ளே குழம்பா ரசமா என்று தெரியக் கூடாது. அது சட்டம். ஆனால் என் வீட்டுக் கோடும் அந்த நேர்க்கோடுகளில் ஒன்றாக இருந்தது. என் வீட்டுப் பாத்திரத்தைத் திறக்கச் சட்டம் தடுக்காது.

அம்மா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்ம வீட்டுல இன்னாம்மா ஓடுது?"

"ஒண்ணும் ஓடலியே."

"ஓடுதுன்னு காட்டுது."

"ஓ, அதுவா. அது குடம்."

"இன்னா குடம்?"

அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தாள். இதையே வேலையாகச் செய்கிறவளுக்கு இது தெரியாதா என்ற பார்வை.

"நீதானேடி சொன்ன, சும்மா இருக்கற வீட்டு இடத்தை மெஷின் எடுத்து வேற வீட்டுக்குக் குடுத்துடும்னு. திரும்பக் கேட்டா மெதுவா தருதாம். கீழ் வீட்டு ஜெபராணி, துபாய்ல இருக்கற பையன்கிட்ட பேசிக்கினு இருக்கும்போது அவன் மூஞ்சி அப்படியே நின்னுபோச்சாம், வாயைத் தொறந்த மேனிக்கு. அதுலருந்து எல்லாரும் குடம் போடறோம். ஒண்ணும் செய்யாது, சும்மா சுத்திக்கினே இருக்கும். மெஷின் நம்மள முழிச்சிக்கினு இருக்கோம்னு நெனச்சுக்கும். அவசரத்துக்கு இடம் இருக்கும்ல?"

எங்கள் பேட்டைக்குத் தண்ணீர் லாரி வந்த காலத்தில், ஆள் நிற்க மாட்டார்கள், குடம் நிற்கும். விடிவதற்கு முன்பே வரிசையாகக் காலிக் குடங்களை வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. லாரி நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. குடம் போடும் கை மட்டும் சும்மா இருக்கவில்லை. யாரோ ஒரு கெட்டிக்காரர் ஒன்றுமே செய்யாத ஒரு நிரலை எழுதி, அதற்குக் குடம் என்றே பெயர் வைத்து, வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார். மொத்த அலமாரியும் காலிக் குடங்களால் நிரம்பியிருந்தது. அந்த வரிசையின் கடைசியில் பால் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தது லோகாக்காவின் கை.

அன்று சாயங்காலமே எல்லோரையும் படிக்கட்டுக்கு வரச்சொன்னேன். விஷயத்தைச் சொன்னதும் ஒருவரும் மறுக்கவில்லை. லோகாக்காவுக்காக உடனே எடுத்துவிடுகிறோம் என்றார்கள். எடுப்பது யார் முதலில் என்பதுதான் பிரச்னையாக இருந்தது.

"நான் எடுத்துடறேன்," என்றார் ஜெபராணி அக்கா. "மேல் மாடிக்காரங்க எடுத்துட்டாங்களா?"

"நீங்க எடுத்ததும் எடுக்கறோம்."

"நான் எடுத்த பிறகு நீங்க எடுக்கலன்னா என் இடமும் சேந்து உங்களுக்குத்தானே போவும்?"

"எங்களைப் பாத்தா அப்படியா தெரியுது?"

"போன தடவை மாடில வத்தல் காயவெச்சப்பவே தெரிஞ்சுது."

வத்தல் கதை தொடங்கிவிட்டது. புஷ்பராஜ் மாமா மட்டும் மூலையில் நின்று கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். லோகாக்கா ஒரு படியில் உட்கார்ந்து, வேறு யாருடைய வீட்டுப் பஞ்சாயத்தையோ கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். கை மடியில் இருந்தது. ஒரு விரல் மட்டும் அரைகுறையாகத் தூக்கியபடி நின்றிருந்தது.

அம்மாதான் அதைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். "லாரி வரிசைல விசேஷ வீட்டுக் குடம் வந்தா இன்னா செய்வோம்?" என்றாள் சத்தமாக.

சண்டை நின்றது.

அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கல்யாணமோ சாவோ, விசேஷ வீட்டுக் குடம் வந்தால் மற்ற குடங்கள் தாமாகப் பின்னால் நகரும். யார் முதலில் நகர்த்துவது என்று யாரும் கேட்டதில்லை. அடுத்த விசேஷம் யார் வீட்டிலும் வரலாம்.

"லோகா வீட்டுல இப்ப இன்னா விசேஷம்?" என்று கேட்டார் ஜெபராணி அக்கா. எதிர்ப்பாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

"புதுசா ஒரு கை வந்திருக்குதே," என்றாள் அம்மா. "வந்து இத்தினி நாளாச்சு, அதுக்கு நாம ஒண்ணுமே செய்யல. வளையல் போடலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் பந்தல் போட்டார்கள். கைக்கு வளைகாப்பு நடத்துவது எப்படி என்று யாருக்கும் தெரியாததால் ஆளுக்கொரு முறை சொன்னார்கள். கடைசியில் சந்தனம், குங்குமம், கண்ணாடி வளையல், ஐந்து வகை சாதம் என்று வழக்கம் போலவே முடிந்தது. ஜெபராணி அக்கா கேக் கொண்டுவந்தார். புஷ்பராஜ் மாமா புது வேட்டியில் எல்லோருக்கும் பன்னீர் தெளித்தார், டாக்டர் நஸ்ரினின் கருவி மேலும் கொஞ்சம் தெளித்தார்.

"ஆட்டத்துக்குக் கூப்ட்டாங்கன்னு வந்தேன்," என்றார் ஏழுமலை, எலுமிச்சை சாதத்தை வாய் நிறைய வைத்துக்கொண்டு. "இது இன்னா, மாசமா இருக்கற கையா? அடிச்சா பாவம் வருமே."

"முதல்ல உன் காயினைக் குழில போடு. பாவத்தை அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் அக்கா.

அதே கோடுகள் தெரிகிற கையடக்கத் திரையோடு நான் பந்தக்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு அம்மா குரல் கொடுத்தாள். "விசேஷ வீட்டுக் குடம் வருது." எல்லோரும் கைபேசியை எடுத்தார்கள். கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகியது. பல வாரங்களுக்குப் பிறகு எனக்கு வீடுகள் தெரிந்தன. ஒரு வீட்டில் அரிசி வேகிற சின்ன மேடு. ஒரு வீட்டில் தொட்டிலைக் கவனிக்கிற மெல்லிய அலை. லோகாக்கா வீட்டுக் கோடு மட்டும் முன்பு இருந்த உயரத்திலேயே இருந்தது. கை ஆடுகிறதே, அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா ஆடியதைப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரைக்கரை வைத்ததுமே சுண்டிவிடுவது போல் மனதுக்குள் தயாராவது முகத்தில் தெரியும். ஆனால் விரல் உடனே அசையாது. அந்த இடைவெளியில் மணிக்கட்டை லேசாகத் திருப்பி, குறியைச் சரிசெய்துகொள்வார். பிறகு விரல் சுண்டும், காயின் விழும், வளையல் சிணுங்கும். நகல் மெதுவாகத்தான் ஓடியது. ஆனால் ஒரே மாதிரி மெதுவாக. டாக்டரின் கருவியில் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஏழுமலை சாதத்தை மென்றது போதும் என்று நிறுத்திவிட்டார்.

பலகையில் அக்காவுக்கு ஒரு காயினும் ரெட் என்கிற சிவப்புக் காயினும் பாக்கி இருந்தபோது அது நடந்தது.

ஸ்ட்ரைக்கர் பறந்தது. பறந்தது என்றால் நிஜமாகவே பறந்தது. பலகையைத் தாண்டி, ஏழுமலையின் காதோரமாகப் போய், டாக்டரின் தயிர்சாதத்தில் விழுந்தது.

"அக்கா, என் தலை அந்தப் பக்கம் இல்ல," என்றார் ஏழுமலை.

அக்கா கையையே பார்த்தார். அடுத்த முறை ஸ்ட்ரைக்கரை வைத்தபோது, வைத்து முடிப்பதற்குள் விரல் சுண்டிவிட்டது. ஸ்ட்ரைக்கர் எதையும் தொடாமல் நேராகக் குழிக்குள் போனது; அபராதமாக அக்காவின் காயின் ஒன்று பலகைக்குத் திரும்பியது. டாக்டரின் கருவியில் கோடு செங்குத்தாகக் கீழே இறங்கியிருந்தது. டாக்டர் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு அதைப் பார்த்தார்.

"என்னாச்சு, நல்லாத்தானே போயிட்டிருந்தது?" என்றார்.

என் திரையில் லோகாக்கா வீட்டுக் கோடு படியிலிருந்து தடுக்கி விழுந்தது போலக் கிடந்தது. கை அதே கைதான். வேறு எதையோ யாரோ அந்த வீட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தேன். புஷ்பராஜ் மாமா கைபேசியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

"மாமா, இன்னா எடுத்தீங்க?"

"நானா? ஒண்ணும் இல்லியே."

"மாமா."

அவர் கழுத்தைத் தேய்த்தார். "குடம்," என்றார், காதில் விழாத குரலில்.

"உங்க வீட்டுலயுமா?"

"கை வந்த அன்னிக்கே போட்டேன் டில்லி. ஊரே போடுது, கைக்கு இடம் இல்லாம போயிட்டா? பத்தாதுன்னு இன்னும் ரெண்டு போட்டேன். இன்னிக்கு எல்லாரும் எடுத்துட்டாங்க, நான் மட்டும் எடுக்காம எப்படி ஒக்காந்து சாப்பிடறது? மனசு கேக்கல."

வீட்டுக்கு ஒரு பங்குதான். கைக்கு இடம் பிடிக்க அவர் வைத்த குடங்கள் கையின் பங்கிலேயே உட்கார்ந்திருந்தன. லோகாக்காவின் கை பிறந்த நாளிலிருந்து தன் வீட்டு வாசலிலேயே வரிசையில் நின்றிருக்கிறது. நின்று நின்று அக்காவுக்கும் அது பழகிவிட்டது. சுண்டச் சொல்லிவிட்டு அப்புறம் குறி பார்க்கிற பழக்கம் அப்படி வந்ததுதான். இப்போது வரிசையே இல்லை. சொன்னதும் சுண்டுகிறது. குறி பார்க்க நேரமில்லை.

"திரும்பப் போடுங்க மாமா."

"என்னது?"

"குடத்தை. சீக்கிரம்."

அவர் ஒன்று போட்டார். அக்கா சும்மா ஒரு முறை சுண்டிப் பார்த்து, தலையை ஆட்டினார். "இன்னும் முந்துது."

"இன்னொண்ணு," என்றேன்.

இரண்டாவது குடம் விழுந்தது. "கிட்ட வந்துடுச்சு," என்றார் அக்கா.

"போடு புஷ்பராஜு, உன் பொண்டாட்டிக்குத்தானே, இன்னாத்துக்குக் கஞ்சத்தனம்," என்றார் ஏழுமலை. அவர் யார் பக்கம் என்பதை அவரே மறந்துவிட்டார் போலிருந்தது.

மூன்றாவது குடமும் விழுந்ததும் அக்கா விரலைச் சுண்டச் சொன்னது கண்ணில் தெரிந்தது. அந்தச் சின்ன இடைவெளி வந்தது. மணிக்கட்டு திரும்பியது. விரல் சுண்டியது. அக்கா சிரித்தார். "இதுதான் என் கை."

பிறகு பந்தலில் யாரும் சாப்பிடவில்லை. ஒரு காயின் விழுந்தது. அடுத்த சுண்டில் ரெட் மெதுவாக உருண்டு, குழியின் விளிம்பில் யோசித்துவிட்டு உள்ளே போனது. ரெட் செல்ல உடனே இன்னொரு காயினையும் போட வேண்டும்; அந்த ஃபாலோவுக்கு இருந்த கடைசிக் காயின் பலகையின் மறுமுனையில் ஏழுமலையின் காயினுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அக்கா ஓரச் சட்டத்தில் அடித்துத் திருப்பி அதைக் கொண்டுவந்து போட்டார். வளையல்கள் எல்லாம் ஒன்றாகக் குலுங்கின.

"வளையல் சத்தத்துல எனக்கு ஆட வரல," என்றார் ஏழுமலை. அதை இனி பத்து வருஷத்துக்குச் சொல்வார்.

டாக்டர் நஸ்ரின் கருவியை நீண்ட நேரம் பார்த்தார். நடுவில் நடந்ததை நான் மறைக்கவில்லை, முழுதும் சொன்னேன். மூன்று குடம் என்றபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மெதுவாத்தான் இருக்கு. ஆனா நிலையா இருக்கு. நகல் ஓடட்டும்," என்றார். "அந்தக் குடங்களை ஒரேயடியா எடுத்துடாதீங்க சார், கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. கை பழகணும். நான் சொல்லாம கொள்ளாம மறுபடி வருவேன். அப்பவும் கோடு இப்படியே இருக்கணும்."

புஷ்பராஜ் மாமா அழுதார். பன்னீர் கண்ணில் பட்டுவிட்டதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் மோட்டார் ரூமைத் திறந்தேன். திரை முழுக்கச் சிவப்பு. நாற்பது கோடும் ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேராக இருந்தன.

ஓடிப்போய் அம்மாவைக் கேட்டேன். "குடத்தை எடுத்துட்டேன்னு சொன்னியே?"

"அது நமக்குப் போட்ட குடம். எடுத்துட்டேன்," என்றாள். "இது லோகாவுக்கு. பாவம், அந்தக் கைக்கு இடம் இல்லாமத்தானே இத்தினி கஷ்டம். நம்ம வீட்டுல ஒரு ஓரமா அவளுக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்."

கீழ் வீட்டுக்குப் போனேன். ஜெபராணி அக்கா கதவைத் திறக்கும்போதே பெருமையாகச் சொன்னார். "நான் ரெண்டு போட்டிருக்கேன் டில்லி. லோகாவுக்கு."

அப்படிப் பிடித்த இடம் லோகாக்காவுக்குப் போகாது, அவருக்குக் குறுக்கேதான் நிற்கும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "எடுத்துடலாம். ஆனா எல்லாரும் அவளுக்காக வெச்சிருக்கும்போது நான் மட்டும் எடுத்தா, அவ மூஞ்சில எப்படி முழிக்கறது?"

மேலே லோகாக்கா அடுப்படியில் இருந்தார். தோசைத் திருப்பியைப் பிடித்த கை கல்லுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. தோசை கருகிக்கொண்டிருந்தது. அக்கா இடது கையால் அடுப்பைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"திரும்பவும் இன்னாடி?"

"பாசம்க்கா," என்றேன். "மொத்த பிளாக்கும் உங்க மேல பாசமாயிடுச்சு."

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கையை அந்தரத்தில் விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புஷ்பராஜ் மாமா பக்கத்து அறையிலிருந்து, "நான் இல்ல, என்னுது மூணுதான்," என்று குரல் கொடுத்தார்.

டாக்டர் எப்போது வேண்டுமானாலும் வருவார். இவர்களுக்கு இன்னொரு முறை விளக்கிப் பயனில்லை. நான் படிக்கட்டுக்குப் போய்க் கைப்பிடியில் சாய்ந்து உரக்கச் சொன்னேன். "லோகாக்கா வீட்டுல விசேஷம்."

எல்லா மாடியிலும் கதவு திறந்தது. "இன்னா விசேஷம்?" என்றாள் அம்மா.

நான் திரும்பி அடுப்படியைப் பார்த்தேன். "தோசை சுடறாங்க."

எல்லா மாடியிலும் கைபேசி வெளியே வந்தது. பிறகு கீழிருந்து ஜெபராணி அக்கா, "எடுத்துட்டேன்," என்றார். மேலிருந்து ஒரு குரல், எதிரிலிருந்து ஒரு குரல். கையிலிருந்த திரையில் கோடுகள் இறங்கின. உள்ளே வளையல் சிணுங்கியது, தோசை புரண்டது.

லோகாக்கா கருகாத பக்கமாகப் பிய்த்து என் கையில் வைத்தார். "இன்னிக்கு சரி. நாளைக்கு இன்னா சொல்லுவ?"

மென்றபடியே வீட்டைச் சுற்றிப் பார்த்தேன்.

"நாளைக்கு மாமாவுக்கு முடி வெட்டறோம்க்கா."

"போன வாரம்தானே வெட்டினேன்?" என்றார் புஷ்பராஜ் மாமா, தலையைத் தடவிக்கொண்டே.